வீட்டில் வால்வு கிட்டார் ஆம்ப்: சாம்ப் கிட்டா, டீலக்ஸ் கிட்டா, ரிச்சி தெருவா?

வால்வு (வெற்றிடக் குழாய்) கொண்ட கிட்டார் ஆம்ப்ளிஃபையரை வீட்டிலேயே பற்றவைத்துச் செய்யக் கிட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சர்க்யூட்டின் பெயரைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் 1950-கள் ஆம்ப் வரைபடங்களில் இரண்டு திரும்பத் திரும்ப வரும்: ஒரே ஒரு நாப் உள்ள 5 வாட் சாம்ப் (5எஃப்1), 12 முதல் 15 வாட் வரை தரும் டீலக்ஸ் (5ஈ3). மூன்றாவது வழி, வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பொருள் சேர்ப்பது. முதல் ஆம்ப் செய்பவருக்கு எங்கள் ஓட்டு சாம்புக்கு. ஆனால் சென்னையில் ஆம்ப் எத்தனை வருஷம் உழைக்கும் என்பது சர்க்யூட்டை விட டிரான்ஸ்ஃபார்மரையும் பாகங்களைப் பற்றவைக்கும் போர்டையும் பொறுத்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

டிரான்ஸ்ஃபார்மர்

அமெரிக்கக் கிட்களில் சில 120 வோல்ட் பிரைமரியோடு (வீட்டுக் கரண்ட் நுழையும் சுற்று) மட்டும் வரும். 230 அல்லது 240 வோல்ட் பிரைமரி வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிக் கேட்க வேண்டும். ஸ்டெப்-டவுன் வைத்து ஓட்டலாமே என்றால், வோல்டேஜ் சரியாகும், ஆனால் நம்மூரின் 50 ஹெர்ட்ஸ் அமெரிக்காவின் 60 ஆகாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்குப் போட்டுச் சுற்றிய கோர் நம்மூர் கரண்டில் சீக்கிரம் சாச்சுரேட் ஆகி (காந்தப்புலம் ஏறும் எல்லையைத் தொட்டு) சூடேறும், உறுமும்.

220 வோல்ட் பிரைமரியும் இங்கே பொருந்தாது. இரவில் லோடு குறைந்து லைன் 240-ஐத் தொட்டால், வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டர் 6.87-க்குப் போய்விடும். வால்வு தாங்கும் எல்லை 10 சதவீதம், அதாவது 6.93. விளிம்பில் நிற்க வேண்டியதில்லை. பிரைமரியில் 240 வோல்ட் டேப் (இணைப்பு முனை) இருந்தால் அதையே இணையுங்கள். ஃப்யூஸையும் மாற்ற வேண்டும்: 120 வோல்ட்டுக்குச் சொன்ன ஆம்பியரில் பாதி, ஸ்லோ-ப்ளோ ரகம்.

இதே டிரான்ஸ்ஃபார்மர்தான் டிசியைச் சமப்படுத்தும் ஃபில்டர் கெப்பாசிட்டரையும் சோதிக்கிறது. ஏசியை டிசி ஆக்கும் 5ஒய்3 ரெக்டிஃபையர் வால்வு சில விநாடிகளில் சூடாகிவிடும்; ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வான 6வி6 கரண்ட் இழுக்கத் தொடங்கப் பத்துப் பதினைந்து விநாடி ஆகும். அந்த இடைவெளியில் 325-0-325 வோல்ட் செகண்டரியின் (டிரான்ஸ்ஃபார்மர் வெளியே தரும் சுற்று) உச்சம் 460 வோல்ட் வரை கெப்பாசிட்டரில் ஏறி நிற்கும். கிட்டில் 450 வோல்ட் கெப்பாசிட்டர் வந்திருந்தால் 500 வோல்ட் ரகமாக மாற்றிக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் சுலபமாகக் கிடைப்பது 400, 450 வோல்ட் ரகங்கள். அப்படியென்றால் 47 மைக்ரோஃபாரட் 400 வோல்ட் இரண்டைத் தொடராகப் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கே (கிலோஓம்) 2 வாட் ரெசிஸ்டர் வையுங்கள். 23.5 மைக்ரோஃபாரட் 800 வோல்ட் கிடைத்துவிடும்; ஆஃப் செய்த பிறகு சார்ஜை வடிப்பதும் அந்த ரெசிஸ்டர்களே. வடிய ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதன் பிறகும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே கை வைக்கக் கூடாது. முதல் கெப்பாசிட்டரை இதற்கு மேல் பெரிதாக்க வேண்டாம். 5ஒய்3-க்குத் தரவுத்தாள் சொல்லும் அளவே ஏறத்தாழ 20தான்.

போர்டு: நவம்பர் மழையில் தெரியும் வித்தியாசம்

பழைய ஆம்பைப் போலவே இருக்க வேண்டும் என்று சில கிட்களில் கறுப்பு ஃபைபர் போர்டு தருகிறார்கள். படத்தில் அழகுதான். ஆனால் அது ஈரம் இழுக்கும். ஈரம் ஏறிய போர்டு லேசாகக் கரண்ட் கடத்தத் தொடங்கும். வால்வு பிளேட்டின் உயர் வோல்டேஜ் பக்கத்தில் உள்ள கிரிட் இணைப்புக் கண்ணுக்கு (போர்டில் வயரைப் பற்றவைக்கும் துளை) கசியும். வால்யூமைத் திருகினால் கரகரப்பு, வாசிக்காதபோதும் பட்பட் என்று சத்தம். வால்வை மாற்றி, வால்யூம் பாட்டை (பொட்டென்ஷியோமீட்டரை) மாற்றி, கடைசியில்தான் போர்டைச் சந்தேகிப்பார்கள். சோதிக்க எளிய வழி: மீட்டரின் கறுப்பு முனையை ஆம்பின் உலோகப் பெட்டியான சேசிஸில் வைத்து, டிசி வோல்ட்டில், எதுவும் இணைக்காத வெற்றுப் போர்டைச் சிவப்பு முனையால் தொடுங்கள். நல்ல போர்டில் எதுவும் காட்டாது. சில வோல்ட் காட்டினால் போர்டு நனைந்திருக்கிறது.

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கிளாஸ் எபாக்ஸி டரட் போர்டு கிட்டையே தேடுங்கள். டரட் என்றால் பித்தளைத் தூண். பாகத்தின் கால் கம்பியை அதில் சுற்றிப் பற்றவைப்பதால் பத்து முறை கழற்றி மாட்டினாலும் தாங்கும். பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) கிட்டில் வேலை சீக்கிரம் முடியும், தவறும் குறைவு. ஆனால் வால்வு சாக்கெட் நேராகப் பிசிபியில் இருந்தால், சூட்டிலும் வால்வைப் பிடுங்கிச் செருகுவதிலும் தாமிரத் தடம் உரிந்து வரும். சாக்கெட் சேசிஸில் தனியாக இருந்தால் பிசிபியும் பரவாயில்லை.

சாம்பும் டீலக்ஸும்

சாம்பில் 12ஏஎக்ஸ்7, 6வி6, 5ஒய்3 என மூன்றே வால்வு. ரெசிஸ்டர் ஒரு டஜன் சொச்சம். டீலக்ஸில் 12ஏஒய்7, 12ஏஎக்ஸ்7, இரண்டு 6வி6, 5ஒய்3. எண்ணிக்கையை விட வயர் ஓடும் பாதையில்தான் டீலக்ஸ் படுத்தும். பிளேட் வயரும் இன்புட் கிரிட் வயரும் அருகருகே ஓடினால், வால்யூம் பாதி தாண்டியதும் கீச்சிடும். டீலக்ஸின் இரண்டு சேனல்களில் ஒன்றின் வால்யூமைத் திருகினால் அடுத்த சேனலும் மாறுகிறதே என்று பயந்து பிரிக்காதீர்கள்; அந்தச் சர்க்யூட்டின் இயல்பே அது.

சாம்பின் தனிப்பட்ட தொல்லை இரண்டு. ஒன்று, ஸ்பீக்கரிலிருந்து 22 கே ரெசிஸ்டர் வழியாகத் திரும்பும் நெகட்டிவ் ஃபீட்பேக் (சிக்னலில் ஒரு பங்கு எதிர்த்திசையில் முன்பகுதியில் சேர்வது). அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வயர் தலைகீழானால் அது பாசிட்டிவ் ஆகி, ஆன் செய்ததுமே ஊளையிடும். ஸ்பீக்கர் ஜாக்கில் செகண்டரியின் இரண்டு வயரையும் இடம் மாற்றினால் நின்றுவிடும். டீலக்ஸில் ஃபீட்பேக்கே கிடையாது. பிரைமரி எப்படி மாறினாலும் ஊளை வராது. இரண்டு, சாம்ப் சிங்கிள்-எண்டட் (ஒரே பவர் வால்வு) என்பதால் சப்ளையில் உள்ள உறுமல் அப்படியே ஸ்பீக்கருக்கு வரும். இரண்டு பவர் வால்வும் எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் டீலக்ஸில் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துவிடும். 60 ஹெர்ட்ஸில் ஓட வரைந்த சர்க்யூட் 50-இல் ஓடும்போது ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் அலை) இன்னும் 20 சதவீதம் கூடும். இரண்டாவது ஃபில்டரை 8-லிருந்து 22 மைக்ரோஃபாரட் ஆக்குங்கள், பெரிதும் அடங்கும். வால்யூம் பூஜ்யத்திலும் 100 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் ஃபில்டர் பக்கம் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் வயரை நன்றாக முறுக்கி மூலையோடு ஓட்டுங்கள். ஹீட்டர் சுற்றுக்குச் சென்டர் டேப் (நடு முனை) இல்லாவிட்டால் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டரால் செயற்கையாக ஒன்றை உண்டாக்குங்கள்.

சத்தம்? 5 வாட்டுக்கும் 15 வாட்டுக்கும் வித்தியாசம் 5 டெசிபல்கூட இல்லை. ஆனால் டீலக்ஸோடு வருவது 12 அங்குல ஸ்பீக்கர், அது 8 அங்குலத்தை விட இயல்பிலேயே சத்தம் அதிகம். அடுக்ககத்தில் டீலக்ஸ் ஓவர்டிரைவுக்கு வரும் முன் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார். சாம்பும் ஒன்றும் கிசுகிசுக்காது.

மார்ஷலின் 18 வாட் கிட்டும் கண்ணில் படும்: ஈஎல்84 இரண்டு, ஈசிசி83 மூன்று. நல்ல ஆம்ப்தான், முதல் வேலைக்கு வேண்டாம்.

ரிச்சி தெரு வழி

ரெசிஸ்டர், 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர், 600 வோல்ட் வயர், 60/40 ஈயம் எல்லாம் ஒரே நடையில் முடியும். கூரியரில் வரும் கிட்டின் எடையில் பெரும்பங்கு இரும்பு. அதற்கும் சேர்த்துச் சுங்க வரி, ஐ.ஜி.எஸ்.டி. கட்டுகிறோம் என்பதால் இந்த வழி கவர்ச்சியாகத் தெரியும். வால்வும் நல்ல ஆக்டல் (எட்டு முள்) சாக்கெட்டும் எப்படியும் வெளியிலிருந்துதான் வர வேண்டியிருக்கும்.

பவர் டிரான்ஸ்ஃபார்மரை இங்கே சுற்ற வைக்கலாம். சாம்புக்கு 325-0-325 வோல்ட் 80 மில்லிஆம்ப், 5 வோல்ட் 2 ஆம்ப், 6.3 வோல்ட் 1.5 ஆம்ப், டீலக்ஸுக்கு 120 மில்லிஆம்ப், 6.3 வோல்ட் 2.5 ஆம்ப். சிக்கல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில். சாம்புடையதில் 40 மில்லிஆம்ப் டிசி ஓயாமல் ஒரே திசையில் ஓடும்; கோரில் காற்று இடைவெளி விடாவிட்டால் சாச்சுரேட் ஆகிப் பேஸ் செத்துவிடும். ஸ்டெபிலைசர் சுற்றிப் பழகியவர் தகட்டை மாற்றி மாற்றி அடுக்கி இடைவெளியை மூடிவிடுவார். தகடுகளை ஒரே பக்கமாக அடுக்கி நடுவில் மெல்லிய தாள் வைக்கச் சொல்லுங்கள். பழைய ஈஎல்84 ரேடியோவின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் நல்ல நிலையில் கிடைத்தால் அதுவே சாம்புக்குப் போதும்.

கரண்ட் கொடுக்கும் முன்

1950-களின் வரைபடங்கள் பலவற்றில் இரண்டு முள் பிளக்கும், லைனிலிருந்து சேசிஸுக்கு ஒரு கெப்பாசிட்டரும் இருக்கும். அந்தக் கெப்பாசிட்டரை விட்டுவிடுங்கள். மூன்று முள் பிளக், எர்த் வயர் சேசிஸில் தனி போல்ட்டில். கிட்டார் கம்பியும் அந்தச் சேசிஸோடுதான் இணைந்திருக்கிறது. பிளக் பாயிண்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்றும் பாருங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட் காட்ட வேண்டும். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை பெயருக்கு மட்டும் இருக்கும்.

60 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டு, வால்வு இல்லாமல் முதல் முறை ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் எங்கோ ஷார்ட். மங்கினால் ஏசி வோல்டேஜ்களைச் சரிபார்த்துவிட்டு, ஸ்பீக்கரை இணைத்து, வால்வுகளைச் செருகுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கடைசி அளவீட்டைப் பல்பை எடுத்துவிட்டு எடுக்க வேண்டும். சாம்பில் 6வி6 கேத்தோடின் 470 ஓம் ரெசிஸ்டரில் 20 வோல்ட் என்றால் 42.5 மில்லிஆம்ப். அதில் வால்வின் ஸ்கிரீனுக்குப் போகும் 3 மில்லிஆம்பைக் கழித்து, பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 320 வோல்ட் இருந்தால் 12.6 வாட். டீலக்ஸில் 250 ஓம் இரண்டு வால்வுக்கும் பொது. வரும் கரண்டை இரண்டால் வகுக்க வேண்டும். 6வி6-க்கு உச்ச எல்லை 14 வாட். இப்போதைய 5ஒய்3 சிலவற்றில் வோல்டேஜ் இறக்கம் குறைவு என்பதால் 14-ஐத் தாண்டினால், 470-ஐ 560 ஓம் 5 வாட்டாக மாற்றி மறுபடி அளவெடுங்கள்; அதற்கும் அடங்காவிட்டால் 680.