பழைய ஜில்லெட் டெக்குக்கு வீட்டிலேயே நிக்கல் முலாம்: பிரஷ் கிட்டா, தொட்டி கிட்டா?

வீட்டில் முலாம் பூசவென்று விற்கும் கிட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று பிரஷ் கிட்: சின்ன அடாப்டர், நுனியில் துணி சுற்றிய ஒரு கோல், இரண்டு மூன்று குப்பித் திரவம். இன்னொன்று தொட்டி கிட்: ஒரு லிட்டரோ அதற்கு மேலோ கரைசல், நிக்கல் தகடுகள், தொங்கவிடக் கம்பி. இதற்குப் பவர் சப்ளையை பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். பழைய சேஃப்டி ரேசருக்கு எது சரி என்றால், நிக்கலுக்குத் தொட்டி, தங்கத்துக்கு பிரஷ். பிரஷ் கிட்டை வைத்தே முழு ரேசருக்கும் நிக்கல் ஏற்றலாம் என்ற விளம்பரம் ஒரு சின்னக் கணக்குக்கே தாங்காது.

ஜில்லெட் டெக்கை எடுத்துக்கொள்வோம். 1938-இல் வந்த மூன்று துண்டு ரேசர். மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று தனித்தனியாகக் கழன்றுவிடும் என்பதால் முலாம் வேலை பழகுவதற்கு இதைவிட வசதியான ரேசர் கிடையாது. மூன்று துண்டுகளின் மொத்தப் பரப்பு சுமார் 70 சதுர சென்டிமீட்டர். தினசரி உபயோகத்துக்கு 10 மைக்ரான் நிக்கல் வேண்டும் என்று வைத்தால், ஏற வேண்டிய நிக்கல் சுமார் 0.62 கிராம். ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரத்தில் 1.095 கிராம் நிக்கலைத்தான் படிய வைக்கும். ஒரு துளி மின்சாரம்கூட வீணாகாது என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. பிரஷ் நுனியில் 0.2 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 3 மணி நேரம் கை ஓயாமல் தேய்க்க வேண்டும். தொட்டியில் 1.4 ஆம்பியர் வைத்தால் 25 நிமிடம். பிரஷ்ஷால் பத்து நிமிடம் தேய்த்ததும் பளபளப்பது உண்மைதான். ஆனால் அந்தப் படலம் ஒரு மைக்ரானைக்கூட எட்டியிருக்காது. விரல் படும் இடத்தில் சீக்கிரமே பித்தளை மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

கிட் வாங்குவதற்கு முன் ரேசர் எந்த உலோகம் என்று பார்த்துவிடுங்கள். வெளியே தெரியாத இடத்தில், உதாரணமாக அடித்தட்டின் துளை விளிம்பில், ஊசி முனையால் ஒரு கீறல் போட்டால் போதும். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, தாராளமாக இறங்கலாம். சாம்பல் நிறமாகத் தெரிந்தால் துத்தநாகக் கலவையாக இருக்கலாம். அமில நிக்கல் கரைசல் துத்தநாகத்தை அரித்து, முலாம் கொப்புளமாக எழும்பும். அதற்கு முதலில் காரக் கரைசலில் செம்பு ஏற்ற வேண்டும். அந்தக் கரைசல் இல்லாத கிட் அந்த ரேசருக்கு உதவாது. காந்தம் வைத்துச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நிக்கலும் காந்தத்துக்கு இழுபடும் உலோகம். லேசான இழுப்பு பழைய முலாமிலிருந்தே வரலாம். டக்கென்று ஒட்டிக்கொண்டால்தான் உள்ளே எஃகு.

தொட்டிக் கரைசல்கள் பெரும்பாலும் 1916-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆலிவர் வாட்ஸ் வெளியிட்ட கலவையின் வழிவந்தவைதான். ஒரு லிட்டருக்கு நிக்கல் சல்பேட் 250 கிராம், நிக்கல் குளோரைடு 45 கிராம், போரிக் அமிலம் 35 முதல் 40 கிராம். கிட்டின் லேபிளில் இந்த மூன்றும் அளவோடு இருந்தால் நம்பி வாங்கலாம். 'நிக்கல் திரவம்' என்று மட்டும் போட்டிருந்தால் வேண்டாம். தனித்தனியாக வாங்கிக் கலப்பவர்கள் கேரம் போர்டு பவுடரைத் தேடிப் போக வேண்டாம். அதில் சில போரிக் அமிலம், சில வெறும் மாவு. ஆய்வகத் தரமாகவே வாங்குங்கள். தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அந்த டிஸ்டில்டு வாட்டர். குளிர்ந்த பிறகு அடியில் வெள்ளைப் படிகம் தங்கினால் கரைசல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அது போரிக் அமிலம், சூடாக்கினால் திரும்பக் கரைந்துவிடும்.

கிட்டோடு வரும் நிக்கல் தகட்டைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பேட்டரி பொருத்தப் பயன்படும் நிக்கல் பட்டைகளில் பாதி கதை வேறு: உள்ளே இரும்பு, மேலே நிக்கல் பூச்சு. ஒரு துண்டை வாட்டர் பேப்பரில் தேய்த்து, உப்புத் தண்ணீரில் ஒரு இரவு போட்டு வையுங்கள். காலையில் துரு தெரிந்தால் அது தொட்டிக்குள் போகக் கூடாது. நிக்கல் கிடைக்கவில்லையே என்று ஸ்டெயின்லெஸ் ஸ்பூனைத் தொங்கவிடுவது இன்னும் மோசம். அதிலிருந்து கரையும் குரோமியம், நச்சு மிகுந்த ஆறு இணைதிற வடிவத்தில் வரக்கூடும். வீட்டில் குரோம் முலாம் பூச முயலக் கூடாது என்பதற்கும் அதே காரணம்தான்.

பவர் சப்ளை விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். 30 வோல்ட், 5 ஆம்பியர் பெஞ்ச் சப்ளை போதும்; ஆனால் ஆம்பியரைக் கட்டிப் போடும் வசதி கட்டாயம் வேண்டும். போன் சார்ஜரும் பைக் பேட்டரி சார்ஜரும் ஆம்பியரை நம் கையில் தராது. விளிம்பெல்லாம் கருகும், நடுப்பகுதி மட்டும் சரியாக வரும்.

வேலையின் பெரும்பகுதி கரைசலுக்கு வெளியேதான் நடக்கிறது. கிட்டோடு வரும் கையேடுகள் இதை இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. எல்லாக் கிட்டுகள் மேலும் நமக்குள்ள முதல் குறை அதுதான். முலாம் பள்ளத்தை மூடாது, கீறலை நிரப்பாது. அடியில் இருப்பதை அப்படியே காட்டும், பளபளப்பில் இன்னும் எடுப்பாகவே காட்டும். முதலில் சோப்புக் கறையை டிஷ் வாஷ் கலந்த வெந்நீரில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுங்கள். பச்சைப் படலம் இருந்தால் எலுமிச்சை உப்பு என்று கடையில் கேட்டால் தருவார்களே, அந்த சிட்ரிக் அமிலம், லிட்டருக்கு 50 கிராம், பதினைந்து நிமிடம். பிறகு 1000, 1500, 2000 என்ற வரிசையில் வாட்டர் பேப்பர், எப்போதும் ஈரத்தோடு. 600-ஐத் தொட வேண்டியது ஆழமான அரிப்புக்கு மட்டும்.

பழைய நிக்கல் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. உறுதியாக ஒட்டியிருப்பதை விட்டுவிடலாம். ஆனால் நிக்கல் முடிந்து பித்தளை தொடங்கும் கரையை விரல் நகத்துக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புது முலாமுக்கு அடியில் வரைபடத்துக் கடற்கரை போல அந்தக் கோடு நிற்கும். பஃப் வீல் (பாலிஷ் போடும் துணிச் சக்கரம்) வைத்திருப்பவர்கள் எழுத்து பொறித்த இடத்தில் அடக்கி வாசியுங்கள். ஜில்லெட்டின் இன்னொரு ரேசரான சூப்பர் ஸ்பீடின் அடிப்பக்கத்தில் உள்ள தேதிக் குறி (அமெரிக்கத் தயாரிப்பில் இசட் என்றால் 1954, ஏ என்றால் 1955) போய்விட்டால் சேகரிப்பாளர் கண்ணில் அந்த ரேசரின் மதிப்பும் போய்விடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அசல் நிக்கல் பெரும்பாலும் மிச்சமிருக்கும் ரேசருக்கு முலாமே தேவையில்லை. நல்ல பாலிஷ் ஒன்று போதும்.

பாலிஷ் மெழுகு ஒட்டியிருந்தால் எதுவும் பிடிக்காது. அசிட்டோனால் துடைத்து, சலவைச் சோடா கரைத்த கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு, பிறகு தண்ணீரில் காட்டிப் பாருங்கள். நீர் ஒரே படலமாக நின்றால் சுத்தம். திவலைகளாகப் பிரிந்தால் எண்ணெய் இருக்கிறது, திரும்பவும் சோடா. இதற்குப் பின் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. பித்தளை மட்டும் என்றால் 5 முதல் 10 சதவீதக் கந்தக அமிலத்தில் அரை நிமிடம் போதும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது.

பழைய நிக்கல் மிச்சமிருந்தால் கதை வேறு. காற்று பட்ட நிக்கலின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் இருக்கும். அதன் மேல் ஏற்றிய புது நிக்கல் அழகாக வந்து, பிறகு வெங்காயத் தோல் மாதிரி உரியும். இதற்குத்தான் வுட்ஸ் ஸ்ட்ரைக் என்ற, முதல் மெல்லிய படலத்தைப் பிடிக்க வைக்கும் அமிலக் கரைசல்: லிட்டருக்கு நிக்கல் குளோரைடு 240 கிராம், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 125 மில்லி. சதுர டெசிமீட்டருக்கு (அதாவது 100 சதுர சென்டிமீட்டருக்கு) 5 ஆம்பியர், இரண்டு நிமிடம், உடனே அலசி ஈரம் காயுமுன் முதன்மைத் தொட்டிக்குள். டாய்லெட் ஆசிட்டை இதில் ஊற்றாதீர்கள்; அதிலுள்ள இரும்பும் சாயமும் கரைசலைக் கெடுக்கும். இந்தக் குப்பி தனியாக வரும் தொட்டி கிட்டுக்கு கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை.

துண்டைத் தொங்கவிடுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டெக்கின் மூடியில் திருகுத் தண்டு இருக்கிறது. செம்புக் கம்பியை அதிலேயே இறுக்கிச் சுற்றி, சுற்றிய இடத்தை நெயில் பாலிஷால் மூடிவிடுங்கள். தொடர்பும் கிடைக்கும், திருகும் தப்பிக்கும். திருகுப் புரியில் முலாம் ஏறினால் அதன் விட்டம் முலாமின் தடிமனைப்போல நான்கு மடங்கு கூடும். 10 மைக்ரான் ஏற்றினால் 40 மைக்ரான். பழைய ரேசர் அதற்கே இறுகிப்போகும். கைப்பிடி உள்ளே கூடாக இருந்தால் துளையை மெழுகால் அடைத்துவிடுங்கள். உள்ளே புகுந்த கரைசல் வாரக்கணக்கில் கசிந்து பச்சைக் கறை விடும்.

தொட்டியில் 50 டிகிரிச் சூடு, பி.ஹெச். 4-ஐ ஒட்டி. மீன் தொட்டி ஹீட்டர் இந்தச் சூட்டுக்கு எட்டாது. கண்ணாடி பீக்கரை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைப்பதே எளிது. அந்தப் பாத்திரம் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. துண்டின் இரு பக்கமும் நிக்கல் தகடு, சதுர டெசிமீட்டருக்கு 2 ஆம்பியர். கைப்பிடி மட்டும் என்றால் 0.5 முதல் 0.6 ஆம்பியர். இணைப்பைக் கொடுத்துவிட்டுத்தான் துண்டை உள்ளே இறக்க வேண்டும்.

தவறு எங்கே என்று முலாமே சொல்லும். ஊசித் துளைகள் என்றால் ஹைட்ரஜன் குமிழ் ஒட்டியிருக்கிறது; துண்டை அசைத்துக்கொண்டே இருங்கள், கிட்டில் ஈரமூட்டித் துளிகள் இருந்தால் சேருங்கள். விளிம்பு கருகி முரடானால் ஆம்பியர் அதிகம். பள்ளங்களிலும் நெளிவுகளிலும் கறுப்புத் தீற்றல் வந்தால் கரைசலில் செம்பு கலந்திருக்கிறது. பெரும்பாலும் துண்டு ஒன்று தவறி விழுந்து, கவனிக்காமல் கிடந்திருக்கும். கரைசலைக் கொட்ட வேண்டாம். நெளித்த தகடு ஒன்றைத் தொங்கவிட்டு, சதுர டெசிமீட்டருக்கு 0.3 ஆம்பியரில் சில மணி நேரம் ஓட்டினால் செம்பு அந்தத் தகட்டில் ஏறிவிடும். பால்போல் மங்கலாக வந்தால் பிரைட்டனர் (கரைசலில் சேர்க்கும் பளபளப்பூட்டி) குறைவு. சாக்கரின் மட்டும் உள்ள பிரைட்டனர் கண்ணாடிப் பளபளப்பைத் தராது, லேசாக பஃப் செய்ய வேண்டியிருக்கும். வினிகரில் நிக்கலைக் கரைத்துச் செய்யும் முறை இணையத்தில் பிரபலம். சாவிக்கொத்துக்குப் போதும், ரேசருக்கு அல்ல.

சூப்பர் ஸ்பீட், ஃபேட் பாய் போன்ற, கைப்பிடியைத் திருகினால் மேலே கதவு திறக்கும் ரேசர்களைத் தொட்டியில் முழுசாக முக்கக் கூடாது. உள்ளே தங்கும் அமிலத்தை எத்தனை முறை அலசினாலும் எடுக்க முடியாது. கதவின் மேற்பரப்பில் மட்டும் தேய்மானம் என்றால், பிரஷ் கிட் தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம் அதுதான். கோலை நிறுத்தாமல் நகர்த்துங்கள். ஒரே இடத்தில் நின்றால் கரும்புள்ளி விழும். ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித் துணி உறை.

தங்கத்துக்கும் பிரஷ்தான். பித்தளை மேல் நேராகத் தங்கம் பூசினால் செம்பும் துத்தநாகமும் மெல்ல ஊடுருவி நிறம் மங்கும். அடியில் நிக்கல் வேண்டும். வாங்கும்போது லிட்டருக்கு எத்தனை கிராம் தங்கம் என்று பாருங்கள். டெக் முழுவதற்கும் 0.1 மைக்ரான் ஏற்ற 13.5 மில்லிகிராம் தங்கம் தேவை. லிட்டருக்கு 2 கிராம் உள்ள 30 மில்லி குப்பியில் இருப்பது 60 மில்லிகிராம். அந்தக் குப்பியால் அரை மைக்ரான் ஏற்றலாம் என்றால் கணக்கு இடிக்கிறது. அளவே போடாத குப்பியை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். சயனைடு உள்ள கரைசல் எவ்வளவு நன்றாகப் பூசினாலும் வீட்டுக்குள் வரக் கூடாது.

நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் நிக்கல் முலாம் பூசிய ரேசரைத் தவிர்ப்பது நல்லது. மேலே பூசிய மெல்லிய தங்கம் முழுத் தடுப்பாகாது. வேலை செய்பவருக்கும் இது பொருந்தும்: நைட்ரைல் கையுறை, கண்ணாடி, ஜன்னலோரம். நிக்கல் உப்புத் தூள் மூச்சில் போகக் கூடாது, அது புற்றுநோய் வரவழைக்கும் பொருள். கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். வடிகட்டி, மூடி வைத்தால் மறுபடி மறுபடி பயன்படும். அலசிய தண்ணீரில் சலவைச் சோடா போட்டு பி.ஹெச். 10-க்குக் கொண்டுவந்தால் நிக்கல் பச்சைச் சேறாக அடியில் இறங்கும். அதைக் காயவைத்து, லேபிள் ஒட்டிய டப்பாவில் சேர்த்து, அருகிலுள்ள முலாம் பட்டறையிடம் கழிவாக எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.