விற்பவர் கையால் போட்ட அப்பிள் ஐடியோடு ஐபோன் வாங்காதீர்கள்

திருகோணமலையில் பாவித்த போன் வாங்கத் தேடிக்கொண்டிருப்பவர்கள், அதிலும் பேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து முன்பின் தெரியாத ஒருவரிடம் ஐபோன் வாங்க நினைப்பவர்கள், இதைத் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். என் மகளுக்கு வாங்கிய போனில் 78,000 ரூபா போய்விட்டது. போன் வீட்டில்தான் இருக்கிறது. உடையவில்லை, பழுதாகவில்லை, சார்ஜ் ஏறுகிறது. ஆனால் அதை யாராலும் திறக்க முடியாது.

வழக்கமாக எல்லோரும் சொல்வது என்ன? ஆளை நேரில் சந்தியுங்கள், போனைக் கையில் வாங்கிச் சோதியுங்கள், அதற்குப் பிறகு காசைக் கொடுங்கள். நாங்கள் இதையெல்லாம் செய்தோம். ஆளைக் கண்டோம், போனைச் சோதித்தோம், எங்கள் கண்முன்னால் ரீசெட் செய்தும் காட்டினான். அதற்குப் பிறகும் ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது. அந்த வழி இன்னும் பலருக்குத் தெரியவில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மகள் கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறாள். பழைய அன்ட்ரொய்ட் போன் பாதி வகுப்பில் நின்றுவிடும். 2022 இல் ரூபா விழுந்ததிலிருந்து புதுப் போனின் விலையை மாதச் சம்பளக்காரர் நினைத்துப் பார்க்கவே முடிவதில்லை. பாவித்ததை வாங்குவதில் ஒரு குறையும் இல்லை, நம் ஊரில் பாதிப்பேர் கையில் இருப்பது அதுதான். பேஸ்புக்கில் ஐபோன் 11 ஒன்று, 128 ஜிபி, பெட்டியோடு விளம்பரத்தில் இருந்தது. விலை அடிமாட்டு விலையும் இல்லை, மற்றவர்கள் கேட்பதைவிடச் சில ஆயிரம்தான் குறைவு. கட்டாருக்கு விசா வந்துவிட்டது, போவதற்குள் விற்கவேண்டும் என்று எழுதியிருந்தான். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். அந்தக் காரணத்தை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பின்னேரம் சந்தித்தோம். இருபத்தைந்து வயது மதிக்கலாம். மரியாதையான பொடியன், அவசரப்படுத்தவே இல்லை. பக்கத்துத் தேநீர்க் கடையில் இருந்து கமரா, மைக், ஸ்பீக்கர், முகத்தைக் காட்டித் திறக்கும் வசதி என்று எல்லாவற்றையும் பார்த்தோம். ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ என்ற அடையாள இலக்கம், பெட்டியில் இருந்ததும் போனில் இருந்ததும் ஒன்றுதான். தன்னுடைய கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுவதும் அழித்து, முதல் திரையையும் காட்டினான். இதுவரை எல்லாம் உண்மை. போனும் உண்மை, ரீசெட்டும் உண்மை.

மகள் அதுவரை அன்ட்ரொய்ட் பாவித்தவள், ஐபோனுக்கு வேண்டிய அப்பிள் ஐடி என்ற கணக்கு (இப்போது 'அப்பிள் அக்கவுன்ட்' என்கிறார்கள்) இல்லை. அப்போதுதான் அவன் சொன்னான்: "தங்கச்சி, பரவாயில்ல, நான் ஒண்டு போட்டுத் தாறன். கடைக்குப் போனா இதுக்கே ஆயிரம் ரூபா எடுப்பாங்க." மகளின் பெயர், பிறந்த திகதி கேட்டான். புதிதாக ஒரு மின்னஞ்சல் திறந்தான், கடவுச்சொல்லைப் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதித் தந்தான். தொலைபேசி இலக்கம் கேட்கும் இடம் வந்ததும் என்னைப் பார்த்து, "அங்கிள், உங்கட சிம் இன்னும் போடல்லத்தானே, கோட் வரவேணும். இப்போதைக்கு என்ர நம்பரைக் குடுக்கிறன், பிறகு மாத்தலாம்" என்றான்.

மோசடி முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அப்பிள் ஐடியில் கொடுக்கும் அந்த இலக்கத்துக்குத்தான் சரிபார்ப்புக் கோட் வரும். அந்த இலக்கத்தையும் மின்னஞ்சலையும் கையில் வைத்திருப்பவர் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று சொல்லிப் புதுக் கடவுச்சொல் போடலாம். பழையது பெட்டி மூடியில் எழுதியிருந்தும் பயனில்லை. பிறகு அதே கணக்கில் வேறொரு போனிலிருந்து நுழைந்து, தொலைந்த போனைத் தேடும் 'ஃபைண்ட் மை' வசதியில் இந்தப் போன் தொலைந்துவிட்டது என்று குறித்து, தூரத்திலிருந்தே அதை அழித்துவிட்டால், உலகத்தில் எங்கிருந்தாலும் இணையம் கிடைத்ததும் அது அந்தக் கணக்கோடு பூட்டிக்கொள்ளும். யாரும் எதையும் உடைக்கவில்லை, ஹக் செய்யவும் இல்லை. தொலைந்த போனைக் காப்பாற்ற அப்பிள் வைத்த பூட்டையே வாங்கியவர் மீது திருப்பிவிடுகிறார்கள். வீட்டை விற்றுவிட்டு மாற்றுச் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவது போன்ற வேலை.

உடனே பூட்டவில்லை. சில கிழமை காத்திருந்தான். அதற்குள் விளம்பரமும் அந்தப் பேஸ்புக் கணக்கும் மறைந்துவிட்டன, அவனுடைய இலக்கமும் நின்றுவிட்டது. மகளின் பாடக் குறிப்புகள், படங்கள் எல்லாம் போனுக்குள் சேர்ந்துவிட்டன. பரீட்சைக்கு முந்திய ஓர் இரவு, விடுதியில் அவள் கையிலேயே போன் தானாக அழிந்து திரை மாறியது: இந்த ஐபோன் தொலைந்துவிட்டது, இந்த இலக்கத்துக்கு அழையுங்கள். அழைத்தால் வேறு குரல். நீங்கள் வைத்திருப்பது திருட்டுப் போன், பொலிஸுக்குப் போனால் பிள்ளையின் படிப்பு பாழாகும் என்று வெருட்டியது. பிறகு குரலைத் தணித்து, 20,000 ரூபா அனுப்பினால் திறந்துவிடுகிறோம் என்றது. தனியாக விடுதியில் இருக்கும் ஒரு பெண் பிள்ளையிடம் இரவு பதினொரு மணிக்கு இப்படிப் பேசியிருக்கிறார்கள். காசு போனதைவிட எனக்கு ஆறாதது இதுதான்.

நாங்கள் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் கணக்கு அவர்களிடம்தானே இருக்கும், அடுத்த மாதமும் பூட்டலாம். உங்களுக்கு இப்படி நடந்தால் நீங்களும் கொடுக்காதீர்கள்.

மத்திய வீதியில் போன் திருத்தும் ஒரு தம்பியிடம் காட்டினேன். அவர் நேர்மையாகச் சொன்னார்: "ஐயா, பைபாஸ் செய்து தாறம் எண்டு சொல்லுறவங்க இருக்கிறாங்க. காசைக் குடுத்திராதீங்க. சிம் வேலை செய்யாமப் போகும், இல்லாட்டி ஒரு அப்டேட்டோட திரும்பப் பூட்டும்." இந்தப் பூட்டை முறையாக எடுக்க, கணக்கின் கடவுச்சொல் வேண்டும். அது இல்லையென்றால் போனை முதன்முதலில் விற்ற கடையின் அசல் பில்லோடு அப்பிளிடம் விண்ணப்பித்துப் பார்க்கலாம், தொலைந்ததாகக் குறித்த போனுக்கு அதுவும் சரிவராமல் போகலாம். எங்களிடம் பெட்டி இருந்தது, பில் இல்லை. பெட்டி இருந்தால் போதும் என்று நம் ஊரில் பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெட்டியால் இந்த விடயத்தில் எதையும் நிரூபிக்க முடியாது. பில்லைக் கேளுங்கள்.

இப்போது முக்கியமான விடயம். இதே மாதிரி வேறொருவர் ஐடி போட்டுக் கொடுத்த ஐபோன் ஏற்கனவே உங்கள் கையில், இன்னும் பூட்டாமல் இருந்தால், இன்றைக்கே செட்டிங்ஸைத் திறங்கள். மேலே உள்ள பெயரைத் தொட்டு, 'சைன்-இன் அன்ட் செக்யூரிட்டி' என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே யாருடைய இலக்கம், யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது இல்லை என்றால், கடவுச்சொல் இன்னும் வேலை செய்யும்போதே அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள். வெளியேறும்போது 'ஃபைண்ட் மை'யை நிறுத்தக் கடவுச்சொல் கேட்கும், கொடுங்கள். அப்புறம் உங்கள் சொந்த மின்னஞ்சலும் உங்கள் சிம் இலக்கமும் போட்டுப் புதுக் கணக்குத் திறந்து நுழையுங்கள். படங்களை முன்கூட்டியே கணினியிலோ வேறு இடத்திலோ பிரதி எடுத்து வையுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய போனை வீட்டில் அம்மாவுக்கு யாரோ ஒருவர் 'செட்' பண்ணிக் கொடுத்திருந்தாலும் இதையே செய்யுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் கணக்கு உங்களுடையதாக இருக்கவேண்டும்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்து புறப்படும் முன்பே உங்கள் அப்பிள் ஐடியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கணினியிலும் திறக்கலாம், ஐபோன் தேவையில்லை. விற்பவர் உங்கள் முன்னால் தன் கடவுச்சொல்லைப் போட்டு, 'இரேஸ் ஒல் கொன்டன்ட்' கொடுத்து அழிக்கட்டும். அதன்பின் போனை நீங்கள் கையில் வாங்கி, உங்கள் மற்றப் போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, முதல் திரையிலிருந்து முகப்புத் திரைவரை நீங்களே கொண்டுபோங்கள். பழைய உரிமையாளரின் கடவுச்சொல் கேட்டாலோ, 'ரிமோட் மனேஜ்மென்ட்' என்று ஏதாவது நிறுவனத்தின் பெயர் வந்தாலோ, எழும்பி வந்துவிடுங்கள். ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும், அவ்வளவுதான். காசு அதற்குப் பிறகு.

அன்ட்ரொய்டிலும் இதே கதைதான். 2015 இல் வந்த 5.1 பதிப்பிலிருந்து கூகுள் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது: பொத்தான்களை அழுத்தி ரீசெட் செய்த போன், திரும்ப எழும்பும்போது பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். அதனால் "ரீசெட் பண்ணித்தான் கொண்டுவந்தனான்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். உங்கள் கணக்கைப் போட்டு முகப்புத் திரை வந்த பிறகுதான் அது உங்கள் போன். அந்தக் கணக்கையும் விற்பவர் திறந்து தரக்கூடாது.

ஐஎம்இஐ பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் குழப்பம் இருக்கிறது. நட்சத்திரக் குறி, ஹேஷ், 06, ஹேஷ் என்று டயல் செய்தால் 15 இலக்க எண் வரும். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் (டிஆர்சி) அது பதிவானதா என்று பதில் வரும். கட்டாயம் அனுப்பிப் பாருங்கள். ஆனால் அந்தப் பதில் கணக்குப் பூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. "டிஆர்சி பாஸ் போன்" என்று விற்பவர் அழுத்திச் சொல்வதில் பூட்டுக்கு ஓர் உத்தரவாதமும் இல்லை.

பற்றரி, மாற்றிய திரை போன்றவற்றை ஒரு கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார். சிறு தொகை கொடுத்துப் பார்ப்பித்துக்கொள்ளுங்கள். சந்திப்பையே அந்தக் கடையில் வைத்தால் இன்னும் நல்லது. விற்பவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர், அட்டை இலக்கம், ஐஎம்இஐ, விலை எல்லாம் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். நேர்மையாக விற்பவருக்கு இதில் கோபம் வராது. மூஞ்சியைச் சுழித்தால் வேறு போன் பார்க்கலாம்.

முற்பணம் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, போடாதீர்கள். கிண்ணியாவில் என்னோடு வேலை செய்பவரின் மகன், கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்ற பேச்சை நம்பிப் பாதிக் காசை வங்கிக் கணக்குக்கு அனுப்பினான். பஸ் நம்பர் வந்தது, கண்டக்டரின் இலக்கம் என்று ஒன்று வந்தது, பார்சலின் படம்கூட வந்தது. விடியற்காலை பஸ் நிலையத்தில் போய் நின்றால், அப்படி ஒரு பார்சலே ஏற்றப்படவில்லை. கூரியரில் வீட்டுக்கு வந்த பிறகு காசு என்பதும் பாதுகாப்பு இல்லை, பெரும்பாலும் காசைக் கொடுத்த பிறகுதான் பெட்டியைத் திறக்க விடுவார்கள்.

மாட்டிக்கொண்டால் முதலில் செய்யவேண்டியது, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுப்பது: விளம்பரம், பேஸ்புக் கணக்கின் இணைப்பு முகவரி, வட்ஸ்அப் உரையாடல், இலக்கங்கள், வங்கிச் ஸ்லிப். பெயரும் படமும் மாறும், இணைப்பு முகவரி இருந்தால் தேட வசதி. கணக்குக்குக் காசு அனுப்பியிருந்தால் அந்த நிமிடமே வங்கிக்கு அழையுங்கள். பொலிஸ் நிலையத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். உங்களிடம் இருக்கும் போன் வேறொருவரிடம் களவு போனதாகவும் இருக்கலாம். அப்படியென்றால் நீங்களாக முன்வந்து சொன்ன பதிவு உங்களைக் காக்கும். இணைய மோசடிக்கு ஆலோசனை கேட்க, இணையப் பாதுகாப்புக்கான அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் தொலைபேசி இலக்கம் 101 இருக்கிறது, தமிழிலும் கேளுங்கள். வெட்கப்பட்டு வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள். பிள்ளைகளைத் திட்டவும் வேண்டாம். திட்டுக்குப் பயந்துதான் பிள்ளைகள் இரகசியமாகக் காசு அனுப்புகிறார்கள்.

எங்கள் முறைப்பாடு பதிவாகியிருக்கிறது. காசு வரும் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை. ஆனால் அவன் எங்களிடம் மட்டும் இதைச் செய்திருக்கமாட்டான். விளம்பரப் படத்தில் போனைப் பச்சைக் கட்டம் போட்ட ஒரு மேசை விரிப்பின் மேல் வைத்து எடுத்திருந்தான். கட்டார் பயணம் என்று எழுதியிருந்தான். திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்தவர்கள், அல்லது "நானே ஐடி போட்டுத் தாறன்" என்று சொன்ன ஒருவரிடம் வாங்கியவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பலரின் முறைப்பாடுகளை ஒன்றாகக் கொண்டுபோய்க் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன்.