207 நியூட்டன் மீட்டர் குறைவா? மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் மோட்டார் பற்றிய மதிப்புரை

பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் கொண்ட ஹைப்ரிட் காரான டொயோட்டா பிரியஸின் 2004 மாடலில், சக்கரங்களைச் சுழற்றும் இழுவை மோட்டார் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சுழற்றும் விசை) தந்தது. மூன்றாம் தலைமுறையான 2010 மாடலில் அது 207 ஆகக் குறைந்தது. விவரப் பட்டியலை மட்டும் பார்த்து, மோட்டார் வலுவிழந்துவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. பழைய மோட்டார் வெளியீட்டுப் பல்சக்கரத்தோடு நேரடியாக இணைந்திருந்தது, புதியது 2.636 விகிதத்தில் வேகத்தைக் குறைத்து இணைவதால், அங்கே கிடைப்பது ஏறத்தாழ 545 நியூட்டன் மீட்டர். அதற்கு அடுத்த பல்சக்கர விகிதம் சிறிதாக்கப்பட்டிருப்பதால் இந்த ஆதாயத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது என்றாலும், சக்கரத்துக்குப் போய்ச் சேரும் விசை குறையவில்லை.

இந்த மோட்டாரின் உயிர் அதன் சுழலும் பகுதியான ரோட்டரில்தான் இருக்கிறது. எட்டுத் துருவங்கள், ஒவ்வொரு துருவத்திலும் இரண்டு நியோடிமியம் காந்தங்கள், 2004 மாடலில் இருந்தது போலவே அகன்ற 'வி' வடிவில், இரும்புத் தகடுகளுக்குள் புதைக்கப்பட்டிருக்கின்றன. காந்தத்தின் ஊடே காந்தப் பாயம் (காந்தப் புலக் கோடுகளின் ஓட்டம்) செல்வது ஏறக்குறைய காற்றின் ஊடே செல்வதைப் போலக் கடினம். இரு துருவங்களுக்கு இடைப்பட்ட இரும்பின் வழியாகவோ அது எளிதாகச் செல்லும். இந்த வேறுபாட்டால், ரோட்டரைச் சூழ்ந்த அசையாப் பகுதியான ஸ்டேட்டரின் காந்தப் புலத்துடன் எளிய பாதையை நேராக்கிக்கொள்ள ரோட்டர் முயல்கிறது. அதிலிருந்து பிறக்கும் ரிலக்டன்ஸ் (காந்தத் தடை) முறுக்குவிசை, காந்தங்கள் தரும் முறுக்குவிசையோடு சேர்கிறது. கூடுதல் காந்தம் வாங்காமல், வடிவத்தால் மட்டுமே ஈட்டிய விசை இது.

ஆனால் பாராட்டை அளந்தே தர வேண்டும். இரு மாடல்களிலும் ரோட்டரின் விட்டம் சுமார் 16 சென்டிமீட்டர்தான். தகட்டடுக்கின் நீளம் 8.4 சென்டிமீட்டரிலிருந்து 5.1 ஆகச் சுருங்கியிருக்கிறது. நீளத்தால் வகுத்துப் பார்த்தால், ஒரு சென்டிமீட்டருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை 48-இலிருந்து 41-க்கு இறங்கியிருப்பது தெரியும். அப்படியானால் உண்மையான சாதனை, நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளாக இருந்த உச்ச வேகத்தை 13,500 ஆக உயர்த்தியதும், அந்த வேகத்தில் ஐந்து மடங்காகும் மையவிலக்கு விசையைத் தாங்கும்படி ரோட்டரை வடித்ததும்தான். காந்தத் துளையின் முனைக்கும் வெளி விளிம்புக்கும் இடையே எஞ்சும் மெல்லிய இரும்புப் பட்டையே அந்த விசையைத் தாங்குகிறது. அதைத் தடிமனாக்கினால் காந்தப் பாயம் ஸ்டேட்டரை எட்டாமல் அதன் வழியே சுற்றி வீணாகும். மெல்லியதாக்கினால் வேகத்தில் பிய்ந்துபோகும். இந்த இழுபறிக்கு இடையில் சரியான அளவைப் பிடித்ததுதான் இந்த வடிவமைப்பில் நான் மிகவும் மதிக்கும் அம்சம்.

குறை என்றால் காந்தம்தான். வெப்பத்தில் காந்தத்தன்மை குன்றாமலிருக்க டிஸ்புரோசியம் என்ற அரிய மண் உலோகத்தைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2010-11இல் சீனாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டால் அதன் விலை எகிறியபோது, இத்தகைய மோட்டார்கள் எல்லாவற்றின் பலவீனமும் வெளிப்பட்டது. இருந்தும், நிரந்தரக் காந்த மோட்டார் வடிவமைப்பைக் கற்க விரும்பும் மாணவருக்குப் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு மோட்டாரைக் காட்டச் சொன்னால், நான் இதைத்தான் காட்டுவேன்.