புது ரெடிமேட் ஷோரூம், பாண்டி: அப்பாவுக்கு ஒரு பாக்கெட் சட்டை கிடைக்கல

பாண்டில புதுசா திறந்திருக்கற பெரிய ரெடிமேட் ஷோரூம் ஒண்ணுக்கு குடும்பத்தோட போனோம், கடை பேரு வேணாம், ஏன்னா நான் சொல்றது அந்த ஒரு கடையோட பிரச்சனை மட்டும் இல்ல. நல்லத முதல்ல சொல்லிடறேன். ட்ரையல் ரூம் சுத்தம், வண்டி நிறுத்த இடம் இருக்கு, சின்னப் பசங்க டீஷர்ட், ட்ராக் பேண்ட் எல்லாம் விலை கம்மி, மாத்திக் குடுக்கறதுலயும் தகராறு பண்றதில்ல.

அப்பாவுக்கு வேண்டியது 44 சைஸ், காட்டன், அரைக்கை, கண்ணாடியும் பேனாவும் வைக்க ஒரு பாக்கெட், அவ்ளோ தான். ஜென்ட்ஸ் செக்‌ஷன் முழுக்க தேடியாச்சு. 44 இருந்தா பாக்கெட் இல்ல, பாக்கெட் இருந்தா ஸ்லிம் ஃபிட், வயித்துகிட்ட பட்டன் பிச்சுக்கற மாதிரி இழுக்குது, உள்ள லேபிள பாத்தா பாதிக்கு மேல பாலியஸ்டர், மே மாசம் இந்த ஊர் புழுக்கத்துல வயசானவங்க அத எப்படி போடுவாங்க? அங்க நின்ன பொண்ணு மரியாதையா தான் பேசுச்சு, "மேல இருந்து அனுப்பறது தான் சார், நாங்க கேட்டு வரவழைக்க முடியாது"ன்னு சொல்லுச்சு. எல்லா ஊருக்கும் ஒரே எடத்துல மொத்தமா கொள்முதல் பண்றாங்க, வேகமா ஓடற சைஸ் மட்டும் தான் வரும்.

சரி வேற பிராண்டுக்கு போலாம்னா அங்கயும் அதே கை தான். லூயி ஃபிலிப், வான் ஹியூசன், ஆலன் சோலி, பீட்டர் இங்கிலாண்ட், பேண்டலூன்ஸ் எல்லாம் இங்க நடத்தறது ஆதித்ய பிர்லா குழுமம். வெஸ்ட்சைடும் ஜூடியோவும் டாடாவோடது, ட்ரெண்ட்ஸும் அஜியோவும் ரிலையன்ஸ். போர்டு தான் நிறைய, முடிவெடுக்கறவங்க நாலு பேரு. 1898ல ஆரம்பிச்ச ஏஎஃப்டி (ஆங்கிலோ ஃப்ரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) மில்லு, சுதேசி மில்லு, பாரதி மில்லுன்னு துணியாலயே பொழச்ச ஊருங்க இது, ஏஎஃப்டியும் 2020ல மூடியாச்சு, இப்ப அளவான ஒரு சட்டைக்கு அலைய வேண்டியிருக்குன்னா வயிறு எரியுது.

கடைசில நேரு வீதி பக்கத்து சந்துல ஒரு பழைய ஜவுளிக்கடைல தான் வேலை முடிஞ்சது. அண்ணாச்சி அப்பாவ ஒரு பார்வை பாத்துட்டு, "உங்களுக்கு ரெடிமேட் தோள்ல நிக்காதுங்க, பிட்டு எடுத்து தச்சுக்கோங்க"ன்னு சொல்லி நல்ல காட்டனா நாலஞ்சு விரிச்சுப் போட்டாரு, வெளிச்சத்துல வச்சு கலர் பாருங்கன்னு வாசலுக்கே கொண்டு வந்து காட்டினாரு, டெய்லரும் அவரே சொல்லி விட்டாரு. தையல் கூலியோட சேத்தா ஷோரூம் சட்டைய விட கொஞ்சம் கூட தான் ஆச்சு. ஆனா பாக்கெட் கண்ணாடி கூடு முழுசா உள்ள போற அளவுக்கு ஆழமா வச்சு குடுத்திருக்காங்க. அம்மாவுக்கு புடவைக்கு மேட்சா டூ பை டூ ரூபியா ப்ளவுஸ் பிட்டும் அங்கயே கிடைச்சுது, ஷோரூம்ல அத கேட்டா என்னன்னே தெரியல. பக்கத்துல இருந்த மேட்சிங் சென்டர் மூடிட்டாங்களாம், வாடகை கட்டுப்படியாகல, பசங்களும் வேற வேலைக்கு போயிட்டாங்களாம்.

ஷோரூமுக்கு 5க்கு 3, அதுவும் பசங்க துணிக்காக. சந்து கடைக்கு தாராளமா 5 குடுப்பேன். பெரியவங்களுக்கு எடுக்கறவங்க தயவு பண்ணி முதல்ல இந்த மாதிரி கடைய பாருங்க, ஞாயித்துக்கிழமை சண்டே மார்க்கெட் கூட்டத்துல வண்டி விட முடியாது, வார நாள்ல காலைல போங்க.