பிக் பாஸ் தமிழ்: எபிசோடும் லைவும், முதல் சீசனிலிருந்து பார்த்துவரும் ரசிகையின் அனுபவம்

போட்டியாளர்களை ஒரே வீட்டுக்குள் வைத்து நாள் முழுக்கக் கேமராவில் பார்க்கிற பிக் பாஸ், 2017 ஜூனில் விஜய் டிவியில் ஆரம்பித்ததிலிருந்து ஒரு சீசனையும் விட்டதில்லை. முதல் ஐந்து சீசன்களை எல்லோரையும்போல ராத்திரி எபிசோடாகத்தான் பார்த்தேன். 2022 ஜனவரியில் ஹாட்ஸ்டாரில் ‘பிக் பாஸ் அல்டிமேட்’ வந்தது. அதிலிருந்து இருபத்துநாலு மணி நேர லைவும் பழக்கமாகிவிட்டது. இத்தனை வருடம் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: எபிசோடில் வருபவரும் லைவில் வருபவரும் ஒரே ஆள் இல்லை. எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு ஒருவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதும், இன்னொருவரைத் திட்டித் தீர்ப்பதும் நியாயமே இல்லை.

லைவில் என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்கள் நிறைய. பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, உண்மைதான். காலையில் பாட்டுப் போட்டு எழுப்புவார்கள். பாதிப்பேர் அரைத் தூக்கத்தில் கையை மட்டும் ஆட்டிவிட்டு பாத்ரூம் பக்கம் போய்விடுவார்கள். பகலில் யாராவது கண் அசந்தால் நாய் குரைக்கிற சத்தம் வரும், மொத்த வீடும் அந்த ஆளைத் தேடும். அப்புறம் சமையல். வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒருவர் தன் வீட்டுக் கடனைப் பற்றிச் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் பாத்திரத்தைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். இது எதுவும் எபிசோடுக்கு வராது. ஆனால் அந்த ரெண்டு பேரும் சாயங்காலம் டாஸ்க்கில் ஏன் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை என்பது இதைப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

சண்டையும் அப்படித்தான். ப்ரோமோவில் ஒருவர் கத்துவார், உடனே இன்னொருவர் முறைக்கிற முகம், பின்னணியில் டமார் என்று இசை. அதையே லைவில் பார்த்தால், காபித்தூள் தீர்ந்ததில் ஆரம்பித்த பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, ஒரு வார்த்தை தடித்து, ரெண்டு பேர் நடுவில் புகுந்து, கடைசியில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்ததில் முடிந்திருக்கும். முறைத்த முகம் வேறு எதற்கோ முறைத்ததாகக்கூட இருக்கலாம். எடிட்டிங் செய்பவர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. இத்தனை பேருடைய ஒரு முழு நாளை ஒரு மணி நேரத்துக்குள் கதையாக்குவது பெரிய வேலை. ஆனால் அது கதை என்பதைப் பார்ப்பவர்கள் மறந்துவிடக்கூடாது.

முதல் சீசனை இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது. ‘களவாணி’யில் எல்லோருக்கும் பிடித்துப்போன ஓவியா உள்ளே போனார். கூட்டம் சேர்ந்து புறம் பேசாமல், தோன்றியதை முகத்துக்கு நேராகச் சொன்னார். தமிழ்நாடே ‘ஓவியா ஆர்மி’ என்ற ரசிகர் படை ஆனது, ‘நீங்க ஷட் அப் பண்ணுங்க’ டீக்கடை வரை போனது. ஆனால் அவரால் அந்த வீட்டின் அழுத்தத்தைத் தாங்க முடியவில்லை, ஆகஸ்ட் மாதமே வெளியேறிவிட்டார். அதே சீசனில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் வழியாக மெரினாவிலிருந்து அறிமுகமான ஜூலி இருந்தார். அவர் செய்ததில் சில எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் கேமரா பழக்கமே இல்லாத ஒரு நர்ஸ் பெண்ணை மாதக்கணக்கில் மீம் போட்டுக் குதறியது தாங்கவே முடியாத கொடுமை. அன்றைக்கு லைவ் இருந்திருந்தால் இந்த ரெண்டு பேரையும் கொஞ்சம் அமைதியாகப் பார்த்திருப்போம் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

வார இறுதி எபிசோடு தனி ரகம். முதல் ஏழு சீசன்களைத் தொகுத்து வழங்கியவர் கமல்ஹாசன். நேராகக் கேட்காமல் சுற்றிவளைப்பார் என்று பலருக்கு அலுப்பு. எனக்கு அந்தச் சுற்றுதான் பிடிக்கும், ஏனென்றால் தப்புச் செய்தவர் தானே உணர்ந்து பேச அது நேரம் கொடுக்கும். நாலாவது சீசனிலிருந்து அவர் செய்த புத்தகப் பரிந்துரைக்காகவே சனி, ஞாயிறு காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. 2024 அக்டோபரில், எட்டாவது சீசனிலிருந்து, விஜய் சேதுபதி. பட்டென்று கேட்பார், பேச்சு நீண்டால் நிறுத்துவார். விறுவிறுப்பு கூடியிருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். போட்டியாளர் பேசி முடிக்க இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தால் எனக்கு நிறைவாக இருக்கும்.

லைவே தேவைப்படாமல் எபிசோடே போதுமாக இருந்த நேரமும் உண்டு. மூன்றாவது சீசனில் ஃப்ரீஸ் டாஸ்க். இலங்கைச் செய்தி வாசிப்பாளர் லாஸ்லியாவின் அப்பா கனடாவிலிருந்து வருகிறார். பல வருடம் கழித்துப் பார்க்கும் மகள். அந்த டாஸ்க்கில் பிக் பாஸ் சொன்னால் யாரும் அசையக்கூடாது. அப்பா பாசத்தைக் காட்டுவதற்கு முன்னால் கோபத்தைக் காட்டினார், மகள் உடைந்து அழுதார். அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

இப்போது லைவின் குறைகள். முக்கியமான பேச்சு சூடு பிடிக்கும்போது கேமரா வேறு அறைக்குப் போய்விடும், இல்லையென்றால் ஒலி நின்றுவிடும். உள்ளே ஒரே நேரத்தில் நாலு இடத்தில் பேச்சு நடந்தால் அவர்கள் காட்டுகிற ஒன்றைத்தான் பார்க்க முடியும். ஏழாவது சீசனில் ரெண்டு வீடு வைத்தபோது இது இன்னும் மோசம். வைல்டு கார்டாக, அதாவது ஆட்டத்தின் நடுவில் புதிதாக உள்ளே வந்து அர்ச்சனா ஜெயித்த சீசன் அது, ஆட்டம் பிரமாதம், ஆனால் பின்தொடர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

என்னை ரொம்ப வருத்துவது ஆர்மிகள்தான். பிடித்தவருக்கு ஓட்டுப் போடுவது சந்தோஷமான விஷயம், நானும் தவறாமல் போடுகிறேன். ஆனால் பிடிக்காதவரின் அம்மாவையும் தங்கையையும் இழுத்து எழுதுகிறார்கள். அந்த மனிதர் வெளியே வந்து போனைத் திறந்ததும் முதலில் பார்க்கப்போவது அதைத்தான். எந்த விளையாட்டுக்கும் இது தேவையில்லை.

புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு என் யோசனை: முதல் ரெண்டு வாரம் எபிசோடு போதும், பெயர்கள் மனதில் பதியட்டும். மூன்றாவது வாரத்திலிருந்து காலையில் சமையல் நேரத்தில் அரை மணி நேரமாவது லைவ் போட்டுவிடுங்கள். டாஸ்க் நேரத்தைவிட அதுதான் ஆளைக் காட்டும். நிகழ்ச்சிக்காரர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இனி குறும்படம், அதாவது வீட்டில் நடந்ததைப் போட்டியாளர்களுக்கே போட்டுக் காட்டுகிற வீடியோ, போட்டால் சண்டையை மட்டும் போடாதீர்கள், அதற்கு முந்தைய பத்து நிமிடத்தையும் சேர்த்துப் போடுங்கள்.