பேய்ப் படமும் கருப்பு வெள்ளையும்: குமரி மாவட்டத்து ஓதத்தில் ப்ரொஜெக்டர், நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பழைய படம், பேய்ப் படம் என்று இந்த இரண்டுக்காகவே ப்ரொஜெக்டர் வாங்குகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கேட்பது, வெளிச்சத்தின் அளவான லூமென்ஸ் எவ்வளவு என்று. கடைசியில் கேட்டால் போதும். மாடிப்படி மூலையில் ஆள் நிற்கிறதா இல்லையா என்று கண் தேடிக்கொண்டே இருப்பதில்தான் இந்தப் படங்களின் உயிர் இருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் அந்த மூலையும் சேர்ந்து சாம்பலாகிவிடும். இரவில், ஜன்னல் அடைத்த அறையில், 100 அங்குலத் திரைக்கு அசல் 1000 லூமென்ஸ் தாராளம். பெட்டியில் 3000 என்று போட்டிருக்கும். சினிமா மோடுக்கு மாற்றியதுமே அது நன்றாக இறங்கிவிடும். அந்த இறக்கம் நல்லதுக்குத்தான்.

பார்க்க வேண்டியது, படத்தை உருவாக்க உள்ளே இருப்பது டிஎல்பி வகையா எல்சிடி வகையா என்பதை. ஒற்றைச் சிப் டிஎல்பியில் நிறச் சக்கரம் சுழன்று சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறது. கண்ணைச் சட்டென்று நகர்த்தினால் வெள்ளை விளிம்புகளில் வானவில் தெறிக்கும். இது மிக மோசமாகத் தெரிவது கருப்பு வெள்ளைப் படத்தில், அதிலும் இருட்டறையில் மெழுகுவர்த்தி ஏந்தி ஒருத்தி நடந்து வரும் காட்சியில். பேய்ப் படத்தில் அந்தக் காட்சி இல்லாமல் எப்படி? எல்லார் கண்ணுக்கும் இது தெரியாது. தெரிகிறவர்களுக்குத் தலைவலியே வரும். ஆகவே கடையில் கலர் டெமோவை நிறுத்தச் சொல்லி, பென்டிரைவில் கொண்டுபோன கருப்பு வெள்ளைக் காட்சியைப் போட்டு, தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மூன்று பேனல் எல்சிடியில் வானவில் கிடையாது. ஆனால் முட்டம், குளச்சல், இராஜாக்கமங்கலம் மாதிரிக் கடலோர ஊர்களில் அதற்கு வேறு வினை. மின்விசிறி இழுக்கும் காற்றோடு நுண்ணிய தூசி பேனலில் படியும். இருண்ட காட்சியில் அது நிறம் மாறிய திட்டாக எழுந்து நிற்கும். ஃபில்டரை மாதம் ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்தால் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது. சிப் பகுதி மூடிய டிஎல்பிக்கு இந்தத் தொல்லை குறைவு. வானவில் தெரியாத கண் இருந்தால் கடலோரத்துக்கு டிஎல்பி, கடலை விட்டு உள்ளே மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் எல்சிடி என்பது எங்கள் தீர்ப்பு. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் எல்இடி ப்ரொஜெக்டர்களில் ‘1080 சப்போர்ட்’ என்றிருந்தால் நம்ப வேண்டாம், ‘நேட்டிவ்’, அதாவது மெஷினில் உண்மையாக இருக்கும் புள்ளிகள், எவ்வளவு என்று பாருங்கள்.

மெஷினுக்குப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் அறையைக் கறுப்பாக்குங்கள். திரையில் விழும் வெளிச்சம் வெள்ளைச் சுவரிலும் கூரையிலும் பட்டு மறுபடி திரைக்கே திரும்பி, இருட்டை வெளுக்கவைக்கிறது. திரையை ஒட்டி நான்கடிக்குப் பக்கச் சுவரிலும் மேலேயும் கறுப்புத் துணி போட்டாலே புது மெஷின் வாங்கியது போல இருக்கும். பழைய படத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூலைக்கு மூலை 100 அங்குலத் திரையின் அகலம் 87 அங்குலம், உயரம் 49. பழைய சதுரச் சட்டகப் படம் அதில் 65 முதல் 67 அங்குலம்தான் நிறையும். இருபுறமும் பத்துப் பதினோரு அங்குலம் காலியாக, ஆனால் கறுப்பாக இல்லாமல் மங்கல் சாம்பலாகக் கிடக்கும். அந்த அகலத்துக்குக் கறுப்பு வெல்வெட் துணி இரண்டு தைத்துத் தொங்கவிட்டால் சட்டகம் பளிச்சென்று நிற்கும். ‘ஃபுல் ஸ்கிரீன்’ போட்டு ஆட்களைக் குட்டையாக்கிப் பார்ப்பவர்களோடு பேச ஒன்றுமில்லை.

இனி ஓதம், அதாவது காற்றின் ஈரம். நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை காற்றில் ஈரம் விடுவதே இல்லை. ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் லென்ஸில் பூசணம் பிடிக்கும். முதலில் சிலந்தி நூல் போலத் தெரியும், பிறகு கண்ணாடியின் பூச்சையே அரிக்கும். அதற்குப்பின் துடைத்துப் பயனில்லை. ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் கால் கிலோவோடு வைத்து 40க்கும் 50க்கும் இடையில் நிறுத்துங்கள். நிறம் மாறிய ஜெல்லை 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி உதவும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உண்டு, சமையல் பாத்திரத்தில் காய்ச்சக் கூடாது. படம் முடிந்த சூட்டோடு பெட்டியில் அடைக்காமல் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். வாரம் ஒரு படம் ஓட்டினால் அதன் சூடே உள்ளே இருக்கும் ஈரத்தை ஓரளவு போக்கிவிடும்.

மழையோடு கரண்டும் போகும். லாம்ப் மெஷினில் விசிறி நின்று சூடு உள்ளேயே தங்கினால் லாம்பின் ஆயுள் குறையும். 600 விஏ யூபிஎஸ் ஐந்து நிமிடம் தாங்கினாலும் போதும், முறையாக அணைத்து ஆறவைக்கலாம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் சைன் வேவ் வகைதான். ஸ்கொயர் வேவில் ஸ்பீக்கர் இரையும்.

இவ்வளவும் செய்துவிட்டு மோசமான பிரதியைப் போட்டால் எல்லாம் வீண். எந்தப் படம் என்று கேட்கும் அளவுக்கு எந்தப் பிரதி என்றும் கேட்க வேண்டும். 1922ல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’வை நிறமே இல்லாத பிரதியில் பார்த்தால் ரத்தக் காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரியும். இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து நீலச் சாயம் ஏற்றியிருந்தார்கள். சாயம் போன பிரதியில் இரவும் போய்விட்டது. சாயமுள்ள, பழுதுபார்த்த பிரதியைத் தேடுங்கள். மற்ற கருப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் அளவைப் பூஜ்ஜியத்தில் வைப்பது நல்ல பழக்கம், இதற்கு மட்டும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள். 1968ல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ தலைப்பு மாற்றும்போது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் பொதுவுடைமையான படம். அதனால் இணையத்தில் இலவசப் பிரதிகள் கொட்டிக் கிடக்கின்றன, பெரும்பாலும் நகலின் நகல். மூல நெகட்டிவிலிருந்து மீட்ட 2016ஆம் ஆண்டுப் பிரதியில் முகங்களின் சாம்பல் அடுக்குகள் தெரியும். ‘தி ஷைனிங்’ 144 நிமிடத்திலும் உண்டு, 119 நிமிடத்திலும் உண்டு. நீளத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஐரோப்பிய டிவிடிகள் நொடிக்கு 24 சட்டகத்தை 25 ஆக ஓட்டுவதால் 100 நிமிடப் படம் 96ல் முடியும், பின்னணி இசையின் சுருதியும் ஏறும்.

நம் பக்கத்துப் படங்களில் சோதனைக்கு உகந்த ஜோடி ‘நெஞ்சம் மறப்பதில்லை’யும் (1963) ‘பார்கவி நிலைய’மும் (1964). முன்னதுக்கு ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட், பின்னது மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் திரைக்கதையில் வின்சென்ட்டே இயக்கிய முதல் படம். மலையாளத்துக்கு சப்டைட்டில் தேவைப்படாத மாவட்டம் நம்முடையது, அடுத்தடுத்த இரவுகளில் இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் இருட்டுக்குள் இருட்டு உண்டு. மெஷின் அதைக் காட்டாவிட்டால் பிரைட்னஸைக் கறுப்பு உடையின் மடிப்பு தெரியும் வரை மட்டும் ஏற்றி நிறுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனையிலும் எடுக்கப்பட்ட ‘மணிச்சித்ரதாழ்’ (1993) 2024ல் 4கேயில் மறுபடி வெளியானது. பழைய விசிடியை இனி உறையிலேயே விட்டுவிடலாம். விசிடியில் அலுமினியப் பூச்சு லேபிளுக்கு அடியிலேயே இருக்கிறது, ஈரம் ஏறினால் அரித்து ஊசித் துளை விழும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும். டிவிடியில் பூச்சு இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தாங்கும்.

யூடியூபில் உள்ள பழைய தமிழ்ப் படங்களில் டைட்டிலின் மேல் வரி பாதி வெட்டுப்பட்டிருந்தால், அகலத் திரைக்காக மேலும் கீழும் கத்தரித்த பிரதி என்று அர்த்தம். அப்போதே மூடிவிடுங்கள்.

ஒலியில் சொல்ல அதிகமில்லை. பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ (1954) போன்ற மோனோ படங்களுக்குச் சரவுண்ட் எஃபெக்ட் போட்டால் வசனம் கிணற்றுக்குள் போகும். பேய்ப் படத்துக்கு ‘நைட் மோடு’ கூடாது. அது கிசுகிசுப்பை ஏற்றி, கத்தலை இறக்கி, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். தகர ஷீட் போட்ட மாடியில் மழை பெய்தால் எந்த ஸ்பீக்கரும் தோற்கும். வயர் உள்ள ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். ப்ளூடூத் என்றால் பல செட்களில் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்.