ஆதார் ஓடிபி கேட்கும் "இந்தியா பேப்பர்" கடைகள்: சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் கவனம்

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்துகளில் பான் (வருமானவரி அட்டை), ஆதார், பாஸ்போர்ட் வேலைகளைப் பார்த்துத் தருவதாகப் போர்டு மாட்டிய சின்னக் கடைகள் இருக்கின்றன. எல்லாருமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி ஒரு கடையில் ஆதாரைக் கொடுத்த பிறகு, நான் வாங்காத கடன் ஒன்று ஊரில் என் பெயரில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருகிற எல்லாரும் இதைப் படியுங்கள், ரூமில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

என் பான் செயலற்றுப் போய்விட்டதாக ஊரில் வங்கியில் சொன்னார்கள். கடைக்காரரிடம் கேட்டேன். "ஆதாரோட லிங்க் பண்ணலைன்னா அப்படித்தான் தம்பி. 90 வெள்ளி கொடுங்க, ஆயிரம் ரூபா அபராதத்தையும் அதுலயே கட்டிடறேன்" என்றார். ஆதார், பான், பாஸ்போர்ட், வொர்க் பெர்மிட் எல்லாவற்றையும் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். படிவத்தில் ஊர் நம்பர் ஒன்று வேண்டும் என்றார், அம்மா நம்பரைக் கொடுத்தேன். அப்புறம் என் இந்திய சிம்முக்கு ஓடிபி வந்தது. "சர்வர் ஸ்லோ, இன்னொண்ணு வரும் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி அடுத்தடுத்து வாங்கினார்.

ஏமாற்று அந்த 90 வெள்ளியிலேயே தொடங்கிவிட்டது. இந்திய வருமானவரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராகக் கணக்கிடப்படுகிறவர் பானை ஆதாரோடு இணைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று வருமானவரித் துறையே சொல்கிறது. 2017 மே மாதமே அரசு அந்த விலக்கை அறிவித்துவிட்டது. 2023 ஜூலையில் இணைக்காத பான்களை முடக்கியபோது, துறையின் பதிவில் இன்னும் "இந்தியாவில் வசிப்பவர்" என்றே இருந்த நம் ஆட்கள் பலருடையதும் சேர்ந்து முடங்கியது. வருமானவரி இணையதளத்தில் நம் வசிப்பு நிலையை மாற்றி, பாஸ்போர்ட் நகலுடன் நமக்குரிய வரி அதிகாரிக்கு எழுத வேண்டும். அதற்கு அபராதமும் கிடையாது, ஏஜென்டும் தேவையில்லை.

சில மாதம் கழித்து அம்மாவுக்குப் போன் வர ஆரம்பித்தது. "உன் பையன் கடனைக் கட்டாமல் வெளிநாட்டில் ஒளிந்திருக்கிறான்" என்று காதால் கேட்க முடியாத வார்த்தைகளில் திட்டியிருக்கிறார்கள். அம்மா பயந்துபோய் எனக்குச் சொல்லாமலே நகையை வைக்கப் பார்த்தார்கள். ஒரு வயதான பெண்ணை இப்படி நடுங்க வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நம் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை எடுத்துப் பார்த்த பிறகுதான் எந்த நிதி நிறுவனம் என்றே தெரிந்தது. நேரில் பார்க்காமல் ஆதார் ஓடிபியை மட்டும் வைத்து ஒருவருக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் வரை கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. என் பெயரில் இருந்த கடனும் அந்த வரம்புக்குள்தான் இருந்தது.

நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் "கட்டினால் க்ளோஸ் பண்ணலாம் சார்" என்பதைத் தவிர வேறு பதிலே இல்லை. அதனால் மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: பணத்தை எந்தக் கணக்குக்கு அனுப்பினீர்கள்? 2022இல் வந்த டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் தொகை வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். இடையில் வேறு யார் கைக்கும் போகக் கூடாது. ரொம்ப நாள் இழுத்தடித்து அவர்கள் அனுப்பிய கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் என்னுடையவை அல்ல. என் கையில் இருப்பதிலேயே பலமான சான்று இதுதான். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் இந்தக் கேள்வியை எழுத்தில் கேளுங்கள், போனில் பேசி என்ன சொன்னாலும் நிற்காது.

அதை வைத்து கடன் அறிக்கை நிறுவனத்திலும் புகார் போட்டேன். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது. கடன் கொடுத்த நிறுவனம் 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே, கட்டணமில்லாமல் எழுதலாம்.

போலீஸ் விஷயத்தில்தான் நொந்துபோனேன். இங்கே அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் மரியாதையாகக் கேட்டுப் புகாரைப் பதிந்துகொண்டார்கள். ஆனால் கடன் இந்தியாவில் என்பதால் அங்கேயும் கொடுக்கச் சொன்னார்கள். ஊரில் தம்பி சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் பதிவு செய்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனான். "சிங்கப்பூர்ல நடந்ததுக்கு இங்க என்னப்பா பண்றது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 75ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது: குற்றம் செய்தவர் வெளிநாட்டில் இருந்தாலும், அதில் இந்தியாவில் உள்ள கணினி சம்பந்தப்பட்டிருந்தால் சட்டம் பொருந்தும். அடையாளத் திருட்டுக்கு 66சி, ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி, இரண்டிலும் மூன்று ஆண்டு வரை சிறை. 78ஆம் பிரிவின்படி இன்ஸ்பெக்டரோ அதற்கு மேலோதான் விசாரிக்க முடியும், எனவே நேராக இன்ஸ்பெக்டரைப் பாருங்கள். மின்னஞ்சலில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது இந்தியாவின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். லீவு கிடைக்காத தொழிலாளி எப்படிப் போவான்? ஊரில் இருக்கும் குடும்பத்தினர் நேரில் தகவல் கொடுக்கலாம், எங்கள் வழக்கும் அப்படித்தான் பதிவானது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு அதற்கும் மேல் 18 மாத அவகாசம். அபராதம் 250 கோடி வரை போகும், ஆனால் அது அரசாங்கக் கஜானாவுக்கு. பாதிக்கப்பட்டவனுக்கு இழப்பீடு தரும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுதாக வரும்போது எடுத்துவிடுகிறார்கள். இது அநியாயம் என்பது என் கருத்து.

அதனால் இப்போதைக்கு இருக்கும் வழியை விடாதீர்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஐடி துறைச் செயலாளர்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தீர்ப்பு அதிகாரி, 5 கோடி வரையான கோரிக்கையை அவரே விசாரிக்கலாம். 2010இல், அபுதாபியில் வேலை பார்த்த, தூத்துக்குடியில் கணக்கு வைத்திருந்து இணைய மோசடியில் பணத்தை இழந்த ஒருவருக்கு வங்கி 12 லட்சத்துக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று சென்னையில் உத்தரவானது. நானும் மனு தயார் செய்கிறேன்.

கடைக்காரரையும் விடவில்லை. சிங்கப்பூர் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, என்னைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறீர்கள், கடந்த ஓராண்டில் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். சட்டமும் கேட்காமல், அடையாளத்தை மிக உறுதியாகச் சரிபார்க்கும் தேவையும் இல்லாமல் வொர்க் பெர்மிட்டை நகலெடுப்பதே 2019 செப்டம்பர் முதல் இங்கே தவறு. பதில் இல்லை, புகார் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போயிருக்கிறது.

இப்படிப்பட்ட கடையில் காகிதம் கொடுத்தவர்கள் இன்றே கடன் அறிக்கையை எடுங்கள். இந்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவு) பூட்டிவிடுங்கள். நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். அம்மா அப்பாவிடம் யார் மிரட்டினாலும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம், முதலில் உங்களுக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள்.